ஹாரன் கேட்காத சைலன்சர்

என் கணவர் தாமல் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர்; நாங்கள் குடியிருந்தது காஞ்சிபுரத்தில். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முடிந்தபோது, அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. முசரவாக்கத்திலிருந்த என் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழியில் பெரிய காஞ்சிபுரத்து மெக்கானிக் கடையில் நிறுத்தினார். இரண்டு வயது மகள் அவருக்கு முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் இரண்டு சைலன்சர்களை எடுத்து வைத்தார்.

“குட்டையா இருக்குதே, இது உள்ள ஒண்ணுமே கெடையாது சார். புகை நேரா வெளிய போயிடும். இழுவை நல்லா இருக்கும். நீளமா இருக்கறதுல உள்ள இன்னொரு குழாய் இருக்குது. சத்தம் அடங்கும், இழுவை கொஞ்சம் கம்மி. ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

குட்டை சைலன்சரை மாட்டி வண்டியை உதைத்ததும், தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தித் திரும்பினார்கள். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“கொழந்த பயப்படுதுங்க.”

“பழகிடும். ஏறும்மா.”

ஊரைத் தாண்டியதும் வண்டியை முறுக்கினார். அந்தச் சத்தம் இருக்கை வழியாக என் முதுகெலும்பில் ஏறியது. ரோட்டின் இடது பாதியில் யாரோ கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். அதை விட்டு விலகி அவர் நடு ரோட்டுக்கு வந்தார். என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். பஸ் ஒன்று எங்கள் முதுகை ஒட்டி வந்துகொண்டிருந்தது. டிரைவரின் கை ஹாரனிலேயே இருந்தது. எனக்கே அது எங்கோ தூரத்திலிருந்து வருவது போலத்தான் கேட்டது.

“பஸ்சு வருதுங்க, ஓரம் போங்க” என்று கத்தினேன். நான் சந்தோஷத்தில் கத்துவதாக நினைத்தாரோ என்னவோ, இன்னும் முறுக்கினார். முதுகில் குத்தினேன். கேட்கவில்லை. கடைசியில் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். ஒரு கணம் திரும்பியவர், அப்படியே இடது பக்கம் ஒடித்தார். வண்டி கதிரில் வழுக்கி, மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டே நின்றது. பஸ் உரசுகிற மாதிரி போயிற்று.

“காது செவுடாய்யா?” என்று கண்டக்டர் கத்தினது காதில் விழுந்தது.

மகள் வாயைத் திறந்தாள், அழுகை வரவில்லை. வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“ஹாரன் அடிச்சானா?” என்றார் அவர்.

“அடிச்சிக்கினேதான் வந்தான்.”

“எனக்கு ஒண்ணுமே கேக்கலியே.”

பஸ்சைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. தினமும் தாமலுக்கு இதே ரோட்டில் தனியாகப் போகிற மனுஷன்.

அம்மா வீட்டுக்குப் போகவில்லை. மெல்ல உருட்டிக்கொண்டு வருவது போலத்தான் மெக்கானிக் கடைக்குத் திரும்பி வந்தார். மெக்கானிக் கேட்டதற்கு, “நீட்டு சைலன்சரே போடுங்க” என்று மட்டும் சொன்னார். அதை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்து, “உனக்கு எப்டி இருக்குது?” என்று என்னைக் கேட்டார்.

“நீங்க பேசறது காதுல விழுது.”

மறுநாள் சாயங்காலம் தாமலிலிருந்து அவர் திரும்புகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். தெருமுனையில் ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் எட்டிப் பார்த்து, வண்டிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தேன். புது சைலன்சரின் சத்தம் தூரத்திலிருந்து கேட்காது என்பது நினைவில் இல்லை. வண்டி வாசலுக்கே வந்து நின்ற பிறகுதான் பார்த்தேன்.

“ஏன் இப்டி வேர்த்துக்கினு நிக்கற?” என்றார்.

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.