முணுமுணுப்பு போட்ட நட்சத்திரக் குறிகள்

வானத்துப் படங்களைக் கணினியில் துலக்கித் தரும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நிலைத்தது ‘முணுமுணுப்பு’தான். அவள் முணுமுணுக்க ஆரம்பித்தால் மேசை விசிறி வெட்கப்பட்டுத் தன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை.

காலையில் மென்பொருளைத் திறந்ததும் அவள் முதலில் முடுக்குவது ‘லாக்’ என்ற பதிவேடு. போடுகிற கட்டளையை எல்லாம் அது வரிசையாக எழுதிக்கொண்டே வரும். பிறகு எப்போது அந்த லாக்கை ஓட்டினாலும் அதே படம் திரும்ப வரவேண்டும். வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால் மட்டும் மென்பொருள் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. குறிப்பெழுதக் கொடுத்த வசதி. அவளோ படம் துலங்கும்வரை சும்மா இருக்கமாட்டாமல் ஆய்வகத் தலைவர்மேல் இருந்த வயிற்றெரிச்சலை எல்லாம் அங்கே கொட்டினாள்.

“* தலைவர் இன்னைக்கும் என் நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிட்டார். திரும்பி வரும்போது அது ஊஞ்சலாத்தான் வரும்.”

ஒருநாள் அவள் துலக்கிய படத்தில் மங்கலாக ஒரு வால்நட்சத்திரம். ஆய்வகமே துள்ளிக் குதித்தது. வேறொரு ஆய்வகமோ, “அது கையால தீட்டினது” என்றுவிட்டது. சரிபார்க்க ஒருவர் வருவதாகத் தகவல். லாக்கை ஓட்டி அதே படம் வராவிட்டால் அவள் வேலையும் போச்சு, சொல்லும் போச்சு.

பக்கத்து அறையில் தட்டச்சு செய்யும் நாத்தனாரிடம் ஓடினாள்.

“புலம்பலை மட்டும் அழிச்சிடட்டுமா? தலைவர் படிச்சா நான் தொலைஞ்சேன்!”

“அழிங்க அண்ணி. ‘ஒரு வரி அழிச்சவ ஒன்பது வரி அழிக்கமாட்டாளா?’ன்னு கேப்பாங்க. பதில் வச்சிருக்கீங்களா?”

“வாய் மட்டும் அப்படியே உங்க அண்ணன்!”

“நானும் கூட வந்து நிக்கிறேன், போங்க.”

அழிக்காமல் விட்டாள்.

வந்தவர் பெரிய திரையில் லாக்கை ஓட்டினார். கட்டளைகளுக்கு நடுவே புலம்பல்களும் ஊர்வலம் போயின. நாற்காலி வரி வந்தபோது தலைவர் இருமினார். கடைசியில் வந்த படத்தில் வால்நட்சத்திரத்தைக் காணோம். பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது.

“ஏதோ ஒண்ணு விட்டுப்போயிருக்கு” என்றார் வந்தவர்.

“சார், கொஞ்சம் மேல போங்க. அண்ணி மவுஸைத் திட்டின இடத்துல ஏதோ எண் ஓடிச்சு” என்றாள் கதவோரம் நின்ற நாத்தனார்.

“* தலைவர் வாங்கித் தந்த மவுஸ், அவர் வாக்கு மாதிரியே வழுக்குது. இதால போடுற வட்டத்தை லாக் மகாராஜா எழுதமாட்டாராம்! நானே எழுதித் தொலைக்கிறேன். கண்ணைக் கூசுற நட்சத்திரத்தை மறைச்சாச்சு. மையம் 212, 340, ஆரம் 15.”

அந்த வட்டத்தைப் போட்டு மறுபடி ஓட்டினார். வெளிச்சம் அடங்கியது, வால்நட்சத்திரம் மெல்ல எட்டிப் பார்த்தது.

“கூசுற வெளிச்சத்தை மறைச்சிருக்காங்க, அவ்வளவுதான். எதையும் சேர்க்கலை” என்று அவர் எழுந்தார்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். “இவ்வளவு விவரமா என்னை யாரும் திட்டினதில்லைம்மா. ரொம்ப நன்றி. நாற்காலி இன்னைக்கே வந்துடும்.”

“மவுஸ், சார்?” என்றாள் நாத்தனார்.

“அதுவும்தான்.”

மறுநாள் முணுமுணுப்பின் லாக்கில் முதல் வரி இப்படி இருந்தது: “* நாத்தனாரே, நீ நல்லா இருக்கணும். தலைவரும் நல்லா இருக்கட்டும். நாற்காலி ஆடுது, பரவாயில்லை.”