விலாசத்தோடு ஒரு பிறந்தநாள் பாட்டு

“நீ எழுதினா சரியா வருமோ? பொலிஸ் என்னைப் பிடிச்சுக்கொண்டு போற மாதிரி எழுதிப்போடாதை.”

எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது இதைச் சொன்னவர், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்த ரவி அண்ணன். நேற்று பஸ்ஸில் கேட்ட ஒரு பாட்டுத்தான் இதை மறுபடி கிளப்பிவிட்டது.

வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாரதி ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். சிங்களப் பாட்டு, கிரிக்கெட், பல்பொடி விளம்பரம், பிறகு திடீரென்று அந்தப் புல்லாங்குழல். நான் எழுந்தே விட்டேன். இறங்கப் போகிறேன் என்று நினைத்துப் பக்கத்துப் பெண் கால்களை ஒதுக்கினாள். சாரதியின் கை மறுபடி திருகப் போனது. “அய்யே, ஓக்க தியன்ன!” மாற்ற வேண்டாம் என்று பஸ் முழுவதும் கேட்கும்படி கத்தியது நான்தான். “ஹொந்தயி நங்கி”, சரி தங்கச்சி என்று சிரித்துச் சத்தத்தைக் கூட்டினார். சரணத்துக்கு முன்னால் ஒரு விசில் வரும். நானும் சேர்ந்து அடித்தேன். எனக்கு விசில் வராது, காற்றுத்தான் வந்தது. அந்தச் சில நிமிடமும் சந்தோஷத்தைத் தவிர எனக்கு வேறொன்றும் நினைவில்லை. இப்போது அதற்குக் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

அது ரவி அண்ணனின் விசில். முற்றத்துக் குழாயடியில் கண்ணாடியை மாட்டி, வாயெல்லாம் சோப்பு நுரையோடு, சவரம் செய்தபடி அடிப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தார். “நாளைக்கு, இல்லாட்டி நாளையிண்டைக்கு” என்பது அவனுடைய பதில்.

வெளியூர்த் தமிழர் யாராவது வீட்டில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டிய யுத்த காலம் அது. அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். அவருக்கும் அம்மாவுக்கும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் என்பதால் படிவம் என் கைக்கு வந்தது. ரவி அண்ணன் சந்தேகப்பட்டதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “தம்பி, எம்புள்ள எழுதுனா தப்பே வராது!”

வரவில்லை. பொலிஸில் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மாதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த முத்திரை என் நெற்றியில் இருப்பது போல ஒழுங்கை முழுக்கச் சுற்றினேன்.

படிவத்தில் அவருடைய பிறந்த தேதி இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு, அவர் விசிலடிக்கும் அந்தப் பாட்டைக் கேட்டு, அவருக்குத் தெரியாமல் ரேடியோ பிறந்தநாள் வாழ்த்துக்குத் தபாலட்டை எழுதினேன். முழுப் பெயர், சொந்த ஊர், வயது, எங்கள் வீட்டு இலக்கம், ஒழுங்கை, கொட்டாஞ்சேனை. எந்த இடத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்று படிவம் எனக்குப் பழக்கியிருந்தது.

அன்று காலை அறிவிப்பாளர் ஒரு சொல் விடாமல், தேன் குரலில் வாசித்தார். ரவி அண்ணனின் முகத்தைப் பார்க்கக் குழாயடிக்கு ஓடினேன். விசில் நின்றிருந்தது. பதிந்த ஒரு மாதம் முடிந்து நான்கு நாட்கள். இன்னும் இரண்டே நாள் என்று ஏஜென்சிக்காரன் சொன்னதால் யாரும் புதுப்பிக்கவில்லை. படிவம் நிரப்பிய எனக்கும் அது தெரியும்.

“என்னாடி பண்ணி வச்சிருக்க?” அம்மா ரேடியோவை நிறுத்தினாள். பாட்டு புல்லாங்குழலோடு அறுந்தது. ஒழுங்கையிலோ ஒரே குதூகலம். “உங்க வீட்டு நம்பர் ரேடியோவுல வந்துச்சே!” என்று எதிர்வீட்டிலிருந்து கூவினார்கள்.

ரவி அண்ணன் நுரையைத் துடைத்துப் பையை எடுத்துக்கொண்டார். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் தாடியுமாக வாசலில் நின்று, “அழாதை பிள்ளை. ஒரு பிழையும் இல்லை, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாய்” என்றார். திட்டியிருக்கலாம்.

பொலிஸ் வரவில்லை. அவரும் வரவில்லை. கடிதமும் இல்லை. கனடாவுக்குப் போனாரா, வழியில் ஏதாவது சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டாரா, இன்றுவரை தெரியாது. அதன்பிறகு அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எங்கள் வீட்டில் யாராவது ரேடியோவை மூடுவார்கள். அப்படியே மறந்தும் போனேன்.

குழாயடி இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்த சாவடி இருந்த இடத்தில் போன் கடை. பதிவுப் படிவமும் இல்லை, வாழ்த்துத் தபாலட்டையும் இல்லை. நான் மட்டும் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பிறருக்குப் படிவம் நிரப்புகிறேன், இன்னமும் இடைவெளி விடாமல்.

நேற்று பாட்டு முடிந்ததும், வெளிநாட்டு நேயர்களும் கேட்கிறார்கள் என்று சொல்லி ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது பஸ் வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்கு வந்திருந்தது. அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. ஒரே கோப்பின் தாள்களை மூன்று தடவை அடுக்கினேன். இரவும் புரண்டுகொண்டே இருந்தேன்.

இன்று காலை அந்த எண்ணுக்கு எடுத்தேன். ஐந்தாவது தடவைதான் கிடைத்தது. பாட்டைச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார் அறிவிப்பாளர். ரவி அண்ணனுக்கு என்றேன், ஊர் சொல்லவில்லை.

“உங்கட பேர் மட்டும் சொல்லுங்கோ தங்கச்சி. விலாசம் எல்லாம் தேவையில்லை.”

“எனக்குத் தேவை” என்றேன். இப்போதிருக்கும் வீட்டின் இலக்கத்திலிருந்து தொடங்கினேன்.