சிவப்பு சுவிட்ச்

என் மைத்துனரின் ஸ்போர்ட்ஸ் காரில் கேசட் பிளேயர் வைக்க வில்லியனூர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்திருந்தோம். அங்கிருந்த எலக்ட்ரீஷியன் ஒல்லியானவர். இரண்டு உள்ளங்கைகளிலும் தீயில் வெந்து சுருங்கிய தோல். மூன்று நாளில் பிளேயர், ஸ்பீக்கர், சீட் உறை எல்லாம் கம்பெனியிலேயே வைத்ததுபோல் அமைந்துவிட்டன. ஒரு ஒயர்கூட வெளியே தெரியவில்லை. டேஷ்போர்டின் நடுவில் மட்டும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிவப்பு சுவிட்ச் துருத்திக்கொண்டிருந்தது.

“இன்னாபா இது, மூஞ்சில மரு மாதிரி? உள்ள தள்ளி வையி,” என்றார் மைத்துனர்.

“பேட்டரிய கட் பண்றது சார். பொகையில கண்ணு தெரியாது. தடவுனா கையில மாட்டணும்.”

“வேற எவனும் இப்படி வைக்கலியே?”

“நானும் முன்னாடி சீட்டுக்கு அடியில மறைச்சுதான் வச்சேன். ஒரு வண்டி தீப்புடிச்சு எரியசொல்ல, ஓட்டனவரு கடைசிவரைக்கும் அந்த சுவிட்ச தேடிக்கினே இருந்தாரு. என்னால கதவ தொறக்க முடியல.”

பிறகு சீட்டில் உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, கையை நீட்டி அந்த சுவிட்சை மூன்று முறை தொட்டார். மற்ற கார்களிலும் வேலை முடிந்ததும் அவர் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

மறுவாரமே மைத்துனர் வேறொருவரிடம் கொடுத்து அதை உள்ளே தள்ளி, மேலே தோல் போர்த்திவிட்டார். அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் என் கை அந்த இடத்துக்குத்தான் முதலில் போகிறது. வழவழவென்றிருக்கிறது.