கரப்புடுப்பின் உட்புறம்

கூத்து ராசாக்களுக்கு உடுப்புத் தைத்தவள் முனவ்வறா. ஆனால் ஒரு ராசா ஆடுவதை அவள் கண்ணால் கண்டதில்லை.

மருதமுனையில் அவளுடைய புருசன் சீனிமுகம்மது கைத்தறியில், இடுப்பில் உடுக்கும் சாரன் நெய்தான். அவள் கல்யாண வீடுகளுக்குச் சோடனைத் திரை தைப்பாள். எழுபத்தேழில் சாரன் வாங்க வந்தவர் வீரமுனையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அழகரெத்தினம். கொடியில் கிடந்த சரிகைத் திரையைக் கண்டதும் சாரனை மறந்துவிட்டார்.

"இந்தக் கை எனக்கு வேணும், தம்பி."

"அந்தக் கைதான் எனக்கு நூலும் சுத்துது. ரெண்டுக்கும் காணுமெண்டா எடுங்க," என்றான் சீனிமுகம்மது.

அப்படித்தான் கரப்புடுப்பு அந்த வீட்டுக்கு வந்தது. கோழி மூடும் கரப்பைப்போல பிரம்பு வளையங்களை அடுக்கி, அதன்மேல் துணி போர்த்து, கண்ணாடித் துண்டும் சரிகையும் பதித்த உடுப்பு. முதல் உடுப்பைச் சீனிமுகம்மதுவுக்கே உடுத்திப் பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொன்னால், அவன் வெளியே வரமுடியாமல் அறை வாசலில் இறுகி நின்றான்.

"ராசாவுக்கு வாசல் காணாதா?"

"ராசாவுக்குப் பசிக்கிது. கழட்டிப்போட்டுச் சோத்தைப் போடு."

ஒவ்வொரு கூத்தும் முடிந்து உடுப்புகள் கிழிந்து திரும்பி வரும். கிழிசலைத் தடவியபடி அவள் ஆட்டத்தைக் கற்பனை செய்வாள். வலப்பக்கக் கரைதான் எப்போதும் முதலில் நைந்திருக்கும். ராசா வலப்பக்கமாகச் சுழல்கிறான் போலும். கற்பனைக்கு ஒரு குணம் உண்டு. அது தனக்குப் பிடித்ததை மட்டும் காட்டும்.

கோயில் முன்றலில் விடியவிடிய நடக்கும் ஆட்டத்துக்குப் போக அவளுக்கு வழியில்லை. ஆனால் அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர்கள் உடுப்போடு வீடுவீடாகப் போய் ஆடும் வழக்கம் ஒன்று இருந்தது. "தைச்ச வீட்டுக்கும் வாறதுதான் முறை," என்று அண்ணாவியார் வாக்குக் கொடுத்தார். சீனிமுகம்மது இதற்குச் சம்மதிக்க நெடுநாள் எடுத்தான். "பகல்ல வரட்டும். வீட்டு முத்தத்துல ஆடட்டும். அசறுத் தொழுகைக்கு முதல் முடியோணும்," என்றான் கடைசியில்.

அது எண்பத்தைந்து. அந்த வருசம் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே கலவரம் வந்தது, பாதை அடைபட்டது. இடுப்பைப் பெருப்பிக்க வந்திருந்த உடுப்பு மட்டும் கூரை வளையில் தொங்கியது. முனவ்வறா அதைத் தூசு தட்டாத வெள்ளிக்கிழமை இல்லை.

எண்பத்தெட்டில் ஒரு காலை அண்ணாவியார் தனியே சைக்கிளில் வந்தார். மெலிந்திருந்தார்.

"ஆடினவங்க இப்ப இல்ல, தங்கச்சி. சிலபேர் வெளிநாடு. சிலபேர்..." சைக்கிளை வேலியில் சாத்தினார். "உடுப்பாவது ஊரில கிடக்கட்டும்."

அவள் உடுப்பை இறக்கினாள். கொடுக்கவில்லை.

"ஒருக்கா உடுத்துக் காட்டுங்க, அண்ணாவியார்."

"இந்த முழங்காலோடயா?"

தறிக்குள்ளிருந்து சீனிமுகம்மது சொன்னான்: "ஆடுங்க. நான் வாசல்ல இறுகினவன். உங்களுக்கு முத்தம் இரிக்கி."

மத்தளம் இல்லை. அண்ணாவியார் உடுப்பை மாட்டி முற்றத்தில் இறங்கி, வாயாலேயே தாளம் சொல்லி, வலப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார். அவள் நினைத்தபடியேதான், வலப்பக்கம். ஆனால் வளையங்கள் சரிந்து உயர்ந்தபோது உடுப்பின் உட்புறம் தெரிந்தது. கோதுமை மாச் சாக்கில் வெட்டி அவள் வைத்த ஒட்டுகள், நீல எழுத்துகளோடு. நிலத்தில் நிற்கும் உடுப்பையே கண்டு தைத்தவள். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று வைத்தது.

"இத்தின வருசமும் சனம் இதையா பாத்தது?"

"சனம் ராசாவைப் பாத்திச்சு."

"இதையும் பாத்திரிக்கும்." அவள் ஊசிப்பெட்டியை எடுத்தாள். "கழட்டுங்க. உள்ளுக்குச் சிவப்பு வைக்கோணும். சுத்தினா சிவப்புத் தெரியோணும்."

"ஆட ஆளில்ல, தங்கச்சி."

"ஆளை நீங்க தேடுங்க. இது தைச்சு முடிய நாளாகும்."

அண்ணாவியார் வெறும் சைக்கிளோடு போனார். முனவ்வறா உடுப்பை முதன்முறையாகத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். சவர பிளேடால் சாக்குத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். தறிச்சத்தம் நின்றது.

"சிவப்பு எவ்வளவு வேணும்?" என்று கேட்டான் சீனிமுகம்மது.