ஓட்டை இல்லாத பூச்சாடி

என் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர, பெரிய ற இரண்டிலும் இன்றும் தடுமாற்றம். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமான விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் முற்றத்தில் பதினோரு செடிச்சட்டிகள், எல்லாம் ஆந்தூரியம். அடி ஓட்டையை ஓட்டுத்துண்டால் பாதி மூடி, தேங்காய் மட்டையின் தொண்டு நறுக்கிப் போட்டு நடுவேன். சனிக்கிழமை என் மனைவி இரண்டு பூ அறுத்துப் போய் சபையில் பீடத்துப் பூச்சாடியில் வைப்பாள். "எங்க வீட்டுக்காரரு வளத்தது" என்று அவள் யாரிடமாவது சொல்வாள். அதைக் கேட்கவே ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் போய்விடுவேன்.

துபாயிலிருந்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, அங்கிருந்து கொண்டுவந்த பெரிய நீலப் பீங்கான் பூச்சாடியில் மண் நிரப்பி ஓர் ஆந்தூரியம் நட்டான். என்னிடம் உள்ள அதே சிவப்புதான். நீலத்துக்கு மேலே அது கூடுதல் சிவப்பாகத் தெரிந்தது.

"அவன் செடிய பாத்தியளா? என்ன செல்லமா வச்சிருக்கான்" என்றாள் மனைவி. தினமும் மதிலருகே நின்று பார்த்தாள். ஒரு சனிக்கிழமை அவனிடமே பூ வாங்கிப் போனாள். மறுநாள் நான் ஆராதனைக்குப் பிந்திப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவனுடைய நீலப் பூச்சாடிக்கு அடியில் ஓட்டை கிடையாது. அதை முதல் நாளே கவனித்திருந்தேன். சொல்லவில்லை. ஆனி மழை பிடித்தது. தண்ணீர் தேங்காமலிருக்க என் சட்டிகளைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தபோது அவன் எட்டிப் பார்த்தான்.

"எதுக்கு அண்ணே இதெல்லாம் சரிச்சு வைக்கிய?"

"சும்மா" என்றேன்.

மழை விட்ட பிறகு பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் கவிழ்த்தான். வேரெல்லாம் கூழாகி நாறியது. அதில் ஒரு தொண்டுத்துண்டு ஒட்டியிருந்தது. நான் நறுக்குகிற அளவு.

"உங்க வீட்டு அக்கா தந்த கன்னு அண்ணே. அண்ணன் கைப்பட்ட செடி எளுப்பத்துல சாவாதுன்னு சொன்னாவ. நான் கொன்னுட்டேன்."

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆணி எடுத்து, காலை முழுவதும் தட்டித் தட்டி அந்தப் பூச்சாடிக்கு ஓட்டை போட்டேன். அவனுக்குக் கொடுக்க என் சட்டியில் புதுக் கன்று பெயர்க்கக் குனிந்தபோதும் என் கை சின்னதாக ஒன்றைத்தான் தொட்டது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். பூ விட்டிருந்த பெரிய கன்றைத் தானே பெயர்த்து அவனிடம் கொடுத்தாள்.

அந்தச் 'சும்மா'வை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு.