அடுத்த கட்டிலுக்குப் பூசிய திருநீறு

என் மனைவி இப்போது எவர் நெற்றியிலும் திருநீறு பூசுவதில்லை.

பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்காக அவரைக் கண்டியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். எழுந்து நடக்கத் தொடங்கியபின் வந்த வெள்ளிக்கிழமை, நான் கோயிலிலிருந்து கொண்டுபோன திருநீற்றுடன் கட்டில் கட்டிலாகச் சென்றார். கசிந்துகொண்டிருந்த வயிற்றுப் புண்ணின் கட்டுத்துணியை அவ்வப்போது அழுத்திப் பிடித்த கையே நெற்றிகளையும் தொட்டது. கேட்பவருக்கு மறுப்பது எங்கள் வீட்டு வழக்கமன்று.

"எனக்கும் வச்சு விடுங்கம்மா" என்றார் அடுத்த கட்டிலில் இருந்த புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவருக்கும் வயிற்றில்தான் சத்திரசிகிச்சை. என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா சிரிக்கவே மாட்டாங்களா?"

"பென்ஷன் எடுத்த அன்னைக்கு ஒரு தடவ சிரிச்சாங்க" என்றார் என் மனைவி. புண் வலிக்க இருவரும் சிரித்தனர்.

சில நாட்களில் இருவரின் புண்களும் சீழ் பிடித்தன. வழக்கமான மருந்துகள் எவற்றுக்கும் மடியாத ஒரே கிருமி இருவரிடமும் இருப்பதாகப் பரிசோதனை கூறியது. என் மனைவியைத் தனி அறைக்கு மாற்றினர். கடைசியாக ஏற்றிய மருந்து அவருக்குப் பலித்தது. அந்தப் பெண்ணுக்குப் பலிக்கவில்லை. அவருடைய உறவினரின் அழுகை மூடிய கதவுக்கு இப்பாலும் கேட்டது.

"என் கையிலருந்தா போச்சு, டொக்டர்?" என்று மனைவி கேட்டார்.

மருத்துவர் யாழ்ப்பாணத்தவர். "அப்பிடிச் சொல்லேலாது அம்மா. உங்களிட்டயிருந்து போயிருக்கலாம், அவவிட்டயிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். எங்கட கையாலயும் வந்திருக்கலாம்."

ஊராரிடம் 'காய்ச்சல்' என்று மட்டுமே சொன்னேன். எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு மதிப்பு உண்டு. அப்படிச் சொன்னதில் இன்றும் நான் தவறு காணவில்லை. ஆனால் ஊர் அறியாதது வீட்டை விட்டுப் போய்விடவில்லை. பூசை முடிந்ததும் மனைவி திருநீற்றுக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்கிறார். பேரப்பிள்ளைகள் தாங்களே எடுத்துப் பூசிக்கொள்கிறார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை நான் அவர் முன் சென்று தலை குனிந்து நின்றேன். கணவன் மனைவியிடம் நெற்றியைக் காட்டி நிற்பது எங்கள் குடும்பத்தில் இல்லாத வழக்கம். அவர் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

"நீங்களே எடுத்துக்குங்க."

நான் நிமிரவில்லை. சற்று நேரத்தில் சமையலறைக் குழாயில் அவர் கை கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் நெடுநேரம் விழுந்துகொண்டேயிருந்தது.