திண்டிவனத்துக்கு அளவு படிக்கப் போனது

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால். விழுப்புரம் ஜங்ஷனில் திண்டிவனத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஏழணா, தூரம் இருபத்து மூன்று மைல். முந்தின இரண்டு ஞாயிறும் நான் தனியாகத்தான் போனேன். இந்தத் தடவை என் மனைவி பாக்கியம் தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ரெண்டு வாரமா போய்க்கினு வர்றீங்க. இன்னாதான் கத்துக்கினு வர்றீங்கன்னு நானும் பாக்கறேன்" என்றாள். தண்டச் செலவு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சில்லறையை எடுத்தேன்.

நாற்பத்து நாலு வயதுத் தையல்காரன் தையல் படிக்கப் போகிறான் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? எங்கள் தெருவே சிரித்தது. போக நேர்ந்த கதையை மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் தையல்காரனிடம் உடம்பளவு கொடுக்கமாட்டார்கள். வீட்டிலிருந்து பழைய ரவிக்கை ஒன்று வரும். அதைப் புதுத்துணிமேல் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டுவேன். இருபது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

போன மாதம் முண்டியம்பாக்கம் கோவிந்தசாமி, மகள் தனத்தின் கல்யாண ரவிக்கைக்குத் துணியும் அளவு ரவிக்கையும் கொண்டுவந்து கொடுத்தார். அளவு பிசகாமல்தான் தைத்தேன். பெண்ணுக்குக் கை நுழையவில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தனத்தின் ரவிக்கைகள் எல்லாம் கிழிசலாம். கிழிந்ததைக் கடைக்கு அனுப்ப வெட்கப்பட்டு, அக்காளுடைய நல்ல ரவிக்கையைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அக்காள் ஒல்லி, தனம் வாட்டசாட்டமான பெண்.

யுத்த காலம். ஒரு கஜம் துணிக்கு அரை நாள் வரிசையில் நிற்கவேண்டும். கோவிந்தசாமி எங்கெங்கோ அலைந்து இன்னொரு துண்டு வாங்கிவந்து என் பலகைமேல் வைத்தார். ஒரு ரவிக்கைக்குத்தான் காணும், மிச்சம் விழாது. "இதுவும் பூட்ச்சின்னா எம் பொண்ணு பழசைப் போட்டுக்கினுதான் மணையில குந்தணும். உன்னை நம்பித்தான் குடுக்கறேன்" என்றார். அவர் கத்தியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். அந்தத் துணியில் கத்தரி வைக்க எனக்குக் கை வரவில்லை. அப்போதுதான் திண்டிவனத்து வகுப்பைப் பற்றிக் காதில் விழுந்தது.

காலை எட்டு. திண்டிவனத்தில் இறங்கி அரை மைல் நடந்தோம். வாத்தியார் தயாளனுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். பட்டணத்தில் பெரிய தையல் கடையில் துணி வெட்டியவர். குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது மாமியார் ஊரான திண்டிவனத்துக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். தன் வீட்டு முன்னறையில் என்னையும் சேர்த்து ஏழு தையல்காரர்களுக்கு, டேப்பால் உடம்பை அளந்து காகிதத்தில் படம் போட்டு வெட்டுவதைச் சொல்லிக்கொடுத்தார். அன்று கடைசி வகுப்பு.

பாக்கியம் வாசற்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் ஒருவரை ஒருவர் அளந்தோம். எனக்கு அக்குளில் டேப் பட்டால் கூச்சம். நான் நெளிந்ததைப் பார்த்து அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்து மணி சுமாருக்கு, இரண்டு வாரமாக மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன். "வாத்தியாரே, ஆம்பளைங்களை அளந்தாச்சு. பொம்பளைங்களை யாரு அளக்கறது?"

"பட்டணத்துல எங்க கடையில அதுக்குன்னே ஒரு அம்மா இருந்தாங்கண்ணே" என்றார் தயாளன். "இங்க அப்படி இல்லையே. நீங்க பழைய ரவிக்கையை வாங்கி அளந்துக்குங்க."

அதில்தானே நான் குப்புற விழுந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைக் கூலியும் டிக்கெட் காசும் வீண் என்று டேப்பைக் கீழே போட்டேன். அப்போது வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "அந்த டேப்பை இப்படிக் குடுங்க. உள்ள இருக்கற தங்கச்சியை நான் அளந்து பாக்கறேன்."

தயாளன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பாக்கியம் உள்ளே போய் அவர் மனைவி ராணியை அளந்தாள். ஒவ்வோர் அளவுக்கும் டேப்பில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்து காட்டினாள். நான்காவது தடவை நிலைப்படியில் இடித்துக்கொண்டாள், விரல் நழுவிவிட்டது.

"நம்பரை உள்ள இருந்தே சொல்லிடுங்கம்மா" என்றார் தயாளன்.

பாக்கியம் டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எண்ணத் தெரியும். இதுல எழுதியிருக்கறது தெரியாதே" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கொக்கி தைப்பதும் பட்டன் கட்டுவதும் அவள்தான். தினமும் அந்த டேப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டுகிறவளும் அவள்தான். அதில் உள்ளது அவளுக்குத் தெரியுமா என்று ஒரு நாளாவது கேட்டேனா? பாவி, கேட்கவே இல்லை.

மாலை நாலரை, திரும்பும் பாசஞ்சர். பாக்கியம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரயில் பாதையோரம் பட்டணத்திலிருந்து எத்தனை மைல் என்று கல் நட்டிருக்கிறார்கள். திண்டிவனம் தாண்டியதும் எழுபத்தேழாம் கல் வந்தது. டேப்பை எடுத்து அவள் மடியில் விரித்தேன்.

"அந்தக் கல்லைப் பாரு. அதுல இருக்கற முதல் எழுத்து மாதிரி இதுல எங்க இருக்குது?"

கல் ஓடிவிட்டது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். அது வந்ததும் டேப்பில் தேடி விரல் வைத்தாள். "இது அருவா மாதிரி இருக்குது."

"அது ஏழு."

"பக்கத்துல இருக்கறது ரெட்டைப் பருப்பு மல்லாட்டை."

"அது எட்டு."

எதிரே வேர்க்கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்துவிட்டு இரண்டு கை மல்லாட்டையை எங்களுக்கு அள்ளிக் கொடுத்தாள். "நல்லாப் படிம்மா. கல்லு தாண்டிடப் போவுது, ஜல்தியாப் பாரு" என்று அவளும் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

மயிலம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பாக்கியம் மயிலத்து முருகனை நினைத்துக் கும்பிட்டுவிட்டு உடனே டேப்புக்குத் திரும்பினாள். எண்பதுகளில் மல்லாட்டை முன்னால் வந்துகொண்டே இருந்தது, பின்னால் உள்ளது மட்டும் மாறியது. பேரணி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அந்த முறையைப் பிடித்துக்கொண்டாள். விக்கிரவாண்டிக்கு அப்பால் நான் வாய் திறக்கவில்லை, அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். "தொண்ணூத்தி ரெண்டு. தொண்ணூத்தி மூணு." முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றது. தனத்தின் ஊர். இரண்டு பேரும் ஜன்னல் வழியே ஊர்ப்பக்கம் பார்த்தோம்.

அரை, கால் கோடுகளை வீட்டில் சொல்லிக்கொடுத்தேன். புதன்கிழமை காலை தனம் தன் தாயோடு விழுப்புரத்துக்கு வந்தாள். பாக்கியம் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே காகிதமும் பென்சிலுமாக நின்றேன்.

"மார்பு முப்பத்தி நாலரை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தோளு பதினாலே கால். எழுதிக்கினீங்களா?"

எங்கே எழுதினேன்? கண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தது. "இன்னொரு தபா சொல்லு" என்றேன்.

அன்றே கத்தரி வைத்தேன். வெள்ளிக்கிழமை தனம் வந்து போட்டுப் பார்க்க உள்ளே போனாள். மறுபடியும் கதவு, மறுபடியும் நான் வெளியே. திண்டிவனத்துக்கு மூன்று தடவை போய்வந்த நேரம் எல்லாம் ஒன்றுமில்லை, அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற நேரம்தான் நீளம். உள்ளே சத்தமே இல்லை. என்ன பேஜாரோ, மறுபடியும் கை நுழையவில்லையோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. தனம் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே தாயிடம் போனாள். பின்னாலேயே பாக்கியம் வந்தாள். "தோள்ல ஒரு சுருக்கம் இல்ல" என்றாள். அளவு சரிபார்த்த டேப் அவள் கழுத்தில் கிடந்தது. அதை எடுத்து, வழக்கம்போல மாட்டிவைக்க ஆணிப்பக்கம் போனாள்.

"அங்க மாட்டாதே" என்றேன். "உன் கழுத்துலயே இருக்கட்டும்."